கறுப்பை ஊதாவாகக் காட்டிய கேமரா

போன மாதம் என் பழைய படப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுகிறார்களாம். பீரோவைக் காலி செய்தபோது அந்தக் கேமரா கிடைத்திருக்கிறது. அதை ரிப்பேருக்கு அனுப்புவதா, ஏலத்தில் தள்ளுவதா என்று கமிட்டியில் கேட்டிருக்கிறார்கள். வந்த இருவருக்குள்ளேயே அதில் சண்டை.

"இந்த மாதிரி கேமரா இனிமே வராது மேடம். நெட்ல பாருங்க, சாமி மாதிரி கும்பிடறாங்க" என்றான் நவீன்.

"கும்பிடட்டும். கறுப்பு பேண்ட்ட எடுத்தா கத்திரிக்கா கலர்ல காட்டுது. ஆஸ்பத்திரிக்கு இது இன்னாத்துக்கு?" என்றாள் பௌசியா.

கொடுத்த விலைக்கு அது தகுமா, தகாதா என்று எழுதிக் கொடுங்கள், அதை அதிக நாள் கையில் வைத்திருந்தவர் நீங்கள்தானே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. கத்திரிக்காய்க் கலர் என்று அந்தப் பெண் சொன்னதிலிருந்தே ஒரு பழைய கேஸ் கண் முன்னால் நிற்கிறது.

என் பெயர் ரெஜினா. பள்ளிகொண்டாவில் வீடு. எங்கள் சர்ச் சபையில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகவோ, லேபிலோ, ஆபீஸிலோ இருப்பவர்கள். நான் ஒருத்திதான் போட்டோ எடுக்கிற வேலை. சொன்னதும், கல்யாண போட்டோவா என்று கேட்பார்கள். நான் எடுத்த படம் எதையும் யாரும் வீட்டில் மாட்டியதில்லை. வெட்டுக்காயம், தீக்காயம், கட்டி, ஆபரேஷனுக்கு முன், ஆபரேஷனுக்குப் பின், செத்த பிறகு. இவைதான் என் படங்கள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். எங்கள் தொழிலே கைப்புண்ணுக்குக் கண்ணாடி பிடிப்பதுதான். ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் தோல் ஆலைகளில் வேலை செய்கிறவர்களின் கைகள் வரும். ரசாயனம் தின்ற ஓட்டைகள் விரல் கணுக்களில் இருக்கும். முகம் மறந்துவிடும். கைகள் மறக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். இருட்டறையில் பிலிம் கழுவியது, விளக்குப் பிடித்தது, பெரிய போட்டோகிராபர் லீவு போட்ட அன்று மட்டும் கேமராவைத் தொட்டது எல்லாம் சொன்னால் ஆளுக்கு ஆள் ஒரே கதைதான். விட்டுவிடுகிறேன். என்னை ஆளாக்கியது, ஆட்டிப்படைத்தது இரண்டுமே டாக்டர் செல்லதுரை. போலீஸ் கேஸ் உடல்களைப் பரிசோதிக்கிற பிரிவுக்கும் எங்கள் படப் பிரிவுக்கும் அவர்தான் தலைவர்.

அவர் கத்த மாட்டார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிரிண்ட்டை மேஜைமேல் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குனிந்து பார்ப்பார். பிறகு மெதுவாக, "ரெஜினா, இந்தப் படத்துல பொய் எங்க இருக்கு?" என்பார். நாம் கண்டுபிடிக்கும் வரை நகர மாட்டார். கழுத்து ஒரு பக்கம் திரும்பியிருக்கும், அதனால் வீக்கம் கம்மியாகத் தெரியும். விளக்கு பக்கவாட்டில் இருக்கும், அதனால் சின்னக் கீறல் பள்ளமாகத் தெரியும். அதெல்லாம் அவருக்குப் பொய். முதலில் முழு உடம்பு, அடுத்து பாதி, பிறகு காயம். பக்கத்தில் ஸ்கேல், அதன் பக்கத்தில் கலர் கார்டு. கார்டில் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை என்று சதுரம் சதுரமாக அச்சிட்டிருக்கும். பிரிண்ட்டில் கார்டின் நிறம் சரியாக வந்தால் உடம்பின் நிறமும் சரி என்று அர்த்தம். இது எங்களுக்கு வேத வாக்கு.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. செத்தவரின் மேல் போர்த்திய துணியை விலக்கும் முன் "மன்னிக்கணும்" என்று அந்த உடம்பிடம் சொல்வார். புதிதாகச் சேர்ந்தபோது நான் இதை வீட்டில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். பிறகு நானும் சொல்ல ஆரம்பித்தேன்.

அந்தக் கேமரா ஏன் வந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது தெரியாமல் அதைக் குப்பை என்று சொல்லக் கூடாது.

பிலிம் காலத்தில் தீக்காய வார்டில் படம் எடுப்பதென்றால் பிளாஷ் போட்டுத்தான் ஆக வேண்டும். வார்டு அரை இருட்டு. ஒருநாள் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண். ஸ்டவ் வெடித்தது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அந்தக் காலத்து ஸ்டவ்கள் மருமகள்கள் பக்கத்தில் போனால் மட்டும்தான் வெடிக்கும். கழுத்திலிருந்து இடுப்பு வரை எடுக்க வேண்டும். நான் கட்டிலருகே நின்று அழுத்தினேன். டப்பென்ற சத்தமும் வெளிச்சமும் ஒன்றாக வந்தன. அவள் எழுந்திருக்க முடியாத உடம்போடு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"திரும்பப் பத்த வெக்காதீங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

கட்டுப் பிரித்துக்கொண்டிருந்த சிஸ்டர் என்னைத் திட்டி வெளியே அனுப்பினார். அந்தப் பெண் அதற்குப் பிறகு போலீஸிடமும் ஒன்றும் சொல்லாமலே செத்தாள். நான் டாக்டரிடம் போய், இனி தீக்காய வார்டுக்கு பிளாஷை எடுத்துப் போக மாட்டேன், வேலையை விட்டு அனுப்பினாலும் சரி என்றேன். அவர் வாதாடவில்லை. "அப்ப வெளிச்சம் இல்லாம, சத்தம் இல்லாம எடுக்கற கேமரா வேணும்" என்று மட்டும் சொன்னார். அதைப் பல வருஷம் நெஞ்சில் வைத்திருந்தார் போல.

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் கழித்து, எங்களிடம் படித்து வெளிநாட்டில் இருக்கும் ஒரு டாக்டர் நன்கொடை தருகிறேன் என்றபோது, நம் டாக்டர் கேட்டது அந்தக் கேமராவைத்தான். விலையைக் கேட்டு ஆபீஸில் இருந்தவர்கள் மயங்காத குறை. அந்தப் பணத்தில் கணியம்பாடியில் மனை வாங்கலாம் என்று ஹெட் கிளார்க் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். பார்க்க என் தாத்தா காலத்து டப்பா மாதிரி இருந்தது. ஜூம் கிடையாது. தானாக போகஸ் ஆகாது. எல்லாம் கையால்.

மற்ற கேமராக்களில் லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்ப்போம். இதில் அப்படியில்லை. மூலையில் தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் ஒரே ஆள் நடுவில் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கும். ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் போகஸ் ஆகிவிட்டது. அழகான ஏற்பாடுதான். ஆனால் நாம் பார்ப்பது வேறு, லென்ஸ் பார்ப்பது வேறு. முதல் வாரம் ஒரு பெரிய சர்ஜன் முன்னால் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு ஆபரேஷன் முழுவதையும் எடுத்தேன். ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. படத்தில் அமாவாசை. சர்ஜன் என்னை அப்புறம் 'மூடி மேடம்' என்றுதான் கூப்பிட்டார்.

குறை அதோடு நிற்கவில்லை. ஒரு முழத்துக்கும் கிட்டே போனால் போகஸ் ஆகாது. சின்னப் புண்ணை நடுவில் வைத்து எடுத்தால் படத்தில் புண் ஓரத்துக்குப் போயிருக்கும். பாட்டரி பேஜார். எல்லாவற்றையும் விட மோசம், சில கறுப்புத் துணிகள் ஊதாவாக வந்தன. நர்ஸ் ஒருத்தியின் கறுப்பு ஸ்வெட்டர் கத்திரிப்பூ நிறத்தில் வந்ததும் டாக்டர் கம்பெனிக்கு எழுதினார். தெரியும், லென்ஸ் முன்னால் மாட்ட ஒரு பில்டர் அனுப்புகிறோம், இலவசம் என்று பதில் வந்தது. ஆனையை வாங்கின பிறகு அங்குசம் தபாலில் வருகிறது என்றேன். டாக்டர் சிரித்தார். பில்டர் மட்டும் வந்தபாடில்லை.

ஆனாலும் தீக்காய வார்டில் அது தங்கம். ஜன்னலோர வெளிச்சம் போதும், அவ்வளவு கூர்மையாக எடுக்கும். சத்தம், பழம் நழுவி மெத்தையில் விழுந்த மாதிரி. ஒரு அம்மாவுக்குக் கட்டு மாற்றும்போது நான் பக்கத்தில் நின்று முழு வரிசையும் எடுத்து முடித்தேன். "போட்டோ எடுக்கணும்னியேம்மா, எப்ப?" என்று கேட்டார். முடிந்துவிட்டது அம்மா என்றேன். அன்று ராத்திரி நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இனி அந்தக் கேஸ்.

ஒரு காலை வேளையில் லோடு ஆட்டோ ஒன்று கேஷுவாலிட்டி வாசலில் ஒரு ஆளை இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. யார், எங்கிருந்து, எதுவும் சொல்லவில்லை. பார்த்த உடனே எல்லோருக்கும் தெரிந்தது, தோல் ஆலையில் சாய டிரம்முக்குள்ளோ தொட்டிக்குள்ளோ விழுந்த ஆள் என்று. முகமும் கழுத்தும் இரண்டு கைகளும் கருஞ்சாயம். தோல் வெந்து, முகம் வீங்கி, கண் எது கன்னம் எது என்று தெரியவில்லை. உயிர் இருந்தது. வாய் பேசவில்லை. மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

போலீஸிலிருந்து ஏட்டு முருகேசன் வந்தார். அடையாளம் காண படம் வேண்டும் என்றார். எங்களின் சாதாரண டிஜிட்டல் கேமரா அந்த வாரம் ரிப்பேரில் இருந்தது. கையில் இருந்தது இது ஒன்றுதான். பெரிய ஜன்னல் பக்கம் ஸ்ட்ரெச்சரை நகர்த்தி வைத்து, கார்டும் ஸ்கேலும் வைத்து, முழு வரிசை எடுத்தேன். சட்டையை கேஷுவாலிட்டியில் கிழித்து எறிந்துவிட்டார்கள். பேண்ட் உடம்பில் இருந்தது. பாலியெஸ்டர் பேண்ட், கறுப்பு. பிரிண்ட் போட்டால் பேண்ட் ஊதா. கைகளும் முகமும் ஒரு மாதிரி திராட்சை நிறம்.

"கலர் சரியில்ல ஏட்டய்யா. பேண்ட் கறுப்பு. கம்ப்யூட்டர்ல சரி பண்ணித் தர்றேன், இருங்க" என்றேன்.

"பொணத்துக்கு கலர் இன்னா மேடம், பொண்ணா பாக்கப் போறோம்? ஆள் கெடச்சா போதும்" என்று அவர் கவரை வாங்கிக்கொண்டு கிளம்பினார். டாக்டரும் எங்களிடம் இருந்த பிரிண்ட்டைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். கார்டில் கறுப்புச் சதுரம் கறுப்பாகவே இருந்தது, சிவப்பு சிவப்பாகவே இருந்தது. எங்கள் வேத வாக்கின்படி படம் உண்மை. அவர் பிரிண்ட்டை அப்படியே பைலில் வைத்துவிட்டார். ஸ்டேஷனில் உடலையே பார்க்காத ஒருவர் படத்தைப் பார்த்து நோட்டீஸ் எழுதினார். ஊதா நிற பேண்ட் அணிந்த, அடையாளம் தெரியாத ஆண் என்று.

சுற்றியிருந்த ஆலைகளில் கேட்டார்கள். எல்லோரும் எங்கள் ஆட்கள் முழுசாக இருக்கிறார்கள் என்றார்கள். காண்ட்ராக்டில் வருகிறவனுக்குப் பேர் இருந்தால்தானே காணாமல் போக. யாரும் வராவிட்டால் போலீஸ் எழுதிக் கொடுக்கும், நகராட்சி எடுத்துப் போய்ப் புதைக்கும். சிலுவையும் கிடையாது, கல்லும் கிடையாது. நாதியில்லாத பிணம் என்று போய்விடும்.

அந்த ஞாயிறு எங்கள் சர்ச்சில் ஆராதனை. எங்கள் பக்கத்தில் ஸ்தோத்திர காணிக்கை, அதாவது தேவனுக்கு நன்றிக் காணிக்கை, படைப்பது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். பிள்ளை பாஸானால், காய்ச்சல் தணிந்தால், வீடு கட்டினால் ஒரு கவரில் காணிக்கை வைத்து, எதற்காக என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பார்கள். போதகர் அதைச் சபையில் வாசிப்பார். அன்று நாலைந்து வாசித்தார். நான் பாதிக் காதோடு உட்கார்ந்திருந்தேன்.

"சகோதரி எஸ்தர், தன் கணவர் சாமுவேலைக் காணாமல் தேடிப் போன இடத்தில், காவல் நிலையத்தில் காட்டப்பட்ட பிரேதம் தன் கணவருடையது அல்ல என்று காணக் கிருபை செய்த தேவனுக்கு ஸ்தோத்திரம் ஏறெடுக்கிறார். அவர் சுகமாக வீடு திரும்பவும் ஜெபிக்கக் கேட்கிறார்" என்று வாசித்தார். சபையார் ஆமென் என்றார்கள்.

எஸ்தரை எனக்கு முகம் தெரியும். இரண்டு தெரு தள்ளி வீடு. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் அவளைப் பிடித்தேன். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"எப்பம்மா காணாம போனாரு?"

"சண்ட போட்டுட்டுப் போனாருக்கா. எப்பவும் அப்படித்தான், சண்டன்னா பெங்களூர் போய்ருவாரு. அவங்க அண்ணன் அங்க மேஸ்திரி. இந்த வாட்டி அங்கயும் வர்லன்னாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஸ்டேஷனுக்குப் போனா படத்தக் காட்டினாங்க. மூஞ்சி தெரியல. கண்ண மூடிக்கிட்டேன். அப்பறம் தெறந்து பேண்ட்ட பாத்தேன். கத்திரிப்பூ கலரு." அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரர் கறுப்பத் தவிர வேற கலர் தொட மாட்டாருக்கா. சாயத்துல நிக்கறவருக்கு வேற கலர் கட்டுப்படியாவுமா?"

"வேற அடையாளம் ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டாங்க. எடது கையில என் பேரப் பச்ச குத்தியிருக்காரு. மேல சிலுவ, கீழ என் பேரு. கல்யாணத்துக்கு முன்னாடியே போய் குத்திக்கிட்டு வந்து எங்க அப்பாகிட்ட காட்டினாரு, இனிமே வேற பொண்ணு யாரும் எனக்குக் குடுக்க மாட்டாங்கன்னு." சிரித்தாள். "அந்தப் பொணத்துக்கு அப்படி ஒண்ணும் இல்லன்னு ஏட்டு சொன்னார். அப்பறம்தான்கா எனக்கு மூச்சே வந்துச்சு."

நான் அந்த இடது கையைப் பார்த்திருக்கிறேன். முழங்கைக்கு மேல் வரை கறுப்பு. அதில் பச்சை என்ன, பாம்பே படுத்திருந்தாலும் தெரியாது. பேண்ட் கறுப்பு என்பதும் எனக்குத் தெரியும். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. நிச்சயமில்லாததைச் சொல்லி ஒருத்தியைக் கொல்லக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நிச்சயமாகத் தெரிந்துவிட்டதால்தான் வாய் வரவில்லை. ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர் வரும்முன் அவர் அறை வாசலில் நின்றேன். எல்லாம் சொன்னேன். அவர் பிரிண்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வழக்கமான கேள்வி வருமுன் எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய் எங்கன்னு கேக்காதீங்க சார். முழுக்கப் பொய். உங்க கேமராதான் பொய்" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் உடுப்பு வைத்திருந்த காகிதப் பையைக் கொண்டுவரச் சொன்னார். ஜன்னலோரம் பேண்ட்டை விரித்து, அதன்மேல் பிரிண்ட்டை வைத்தார். கறுப்பின்மேல் ஊதா. உட்கார்ந்துவிட்டார். மனிதர் ஒரே நிமிஷத்தில் வயசானவர் மாதிரி ஆனார்.

"பில்டர் வர்ற வரைக்கும் இத வெளியில எடுத்திருக்கவே கூடாது. நான்தான் ஆசப்பட்டேன்" என்றார். பிறகு நெடுநேரம் படத்தையே பார்த்தார். "ரெஜினா, கார்டு மட்டும் ஏன் கறுப்பாவே இருக்கு?"

நான் குனிந்து கார்டைப் பார்த்தேன்.

அவர் எனக்குச் சொல்வது போலத் தனக்கே சொல்லிக்கொண்டார். சிவப்புக்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கிறது. வெயிலில் நிறைய இருக்கும். கேமராவுக்குள் அதைத் தடுக்க ஒரு கண்ணாடி வைப்பார்கள். படம் கூர்மையாக வர வேண்டும் என்று இந்தக் கம்பெனி அதை மெல்லிசாக வைத்துவிட்டது. நம் கண்ணுக்குக் கறுப்பாக இருக்கிற சில சாயங்கள் அந்த வெளிச்சத்தை விழுங்காமல் திருப்பி அனுப்பும். அதுதான் ஊதா. "கார்டு அச்சு மை. அதுல இருக்கறது கரி. சாயம் ஏமாத்தும், கரி ஏமாத்தாது" என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "பச்ச குத்தறது எதால?"

"விளக்குப் புகைக் கரியில சார்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பிணவறைக்குப் போனோம். கையைக் கழுவிப் பார்க்க முடியாது, தொட்டால் தோல் கையோடு வரும். டாக்டர் பிலிம் காலத்துப் பெட்டியிலிருந்து ஒரு பில்டரைத் தேடி எடுத்து வந்திருந்தார். இருண்ட சிவப்பு, கிட்டத்தட்ட கறுப்பு. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை மறித்து, தெரியாததை மட்டும் உள்ளே விடும். அதைக் கண் முன்னால் பிடித்தால் சூரியன்கூடத் தெரியாது. சாதாரண கேமராவில் மாட்டினால் எதிரே என்ன இருக்கிறது என்றே பார்க்க முடியாது. இதில்தான் பார்க்கிற ஜன்னல் தனியாயிற்றே. லென்ஸ் குருடானாலும் என் கண்ணுக்குத் தெரிந்தது. ட்யூப் லைட்டில் அந்த வெளிச்சம் கிடையாது என்று இரண்டு குண்டு பல்பு விளக்குகளைக் கொண்டு வந்தார்கள்.

"மன்னிக்கணும்" என்று டாக்டர் துணியை விலக்கினார்.

ஜன்னலில் பார்த்தால் ஒரே கறுப்பு. இரண்டு உருவத்தை ஒன்று சேர்க்க ஒரு கோடாவது வேண்டும், அந்தக் கையில் கோடே இல்லை. டாக்டர் ஸ்கேலை மெதுவாகக் கையின்மேல் வைத்தார். அதன் விளிம்பை வைத்துச் சேர்த்தேன். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்கு போகஸ் கொஞ்சம் தள்ளும் என்று வளையத்தை ஒரு மயிரிழை திருப்பச் சொன்னார். கிட்டே போக முடியாது. எட்ட நின்றுதான் எடுக்க வேண்டும், பிறகு பெரிதாக்க வேண்டும். ஸ்டாண்டில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

கம்ப்யூட்டரில் போட்டபோது நான் எதிர்பார்த்தது ஏதாவது ஒரு கறை. வந்தது அப்படியில்லை. சாயம் முழுவதும் போய்விட்டிருந்தது. கழுவித் துடைத்து வைத்தது போல வெளுத்த ஒரு கை. அதன்மேல் சிலுவை. கீழே, குத்தினவரின் கை ஆடிய இடம்கூடத் தெரிகிற அளவுக்குக் கூர்மையாக, எஸ்தர். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நவீனுக்கும் பௌசியாவுக்கும் நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீக்காய வார்டுக்கு அது கொடுத்த விலைக்கு மேலேயே தகும். சாட்சி சொல்ல அதைத் தனியாக அனுப்பக் கூடாது. அந்த வாரமே டாக்டர் விதி போட்டார். எந்த உடலையும் இரண்டு கேமராவில் எடுக்க வேண்டும், கண்ணால் பார்த்த நிறத்தைப் படத்துக்குக் கீழே கையால் எழுத வேண்டும், எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கார்டை மட்டும் நம்பியது போதும் என்றார். அந்தக் கேமரா பொய் சொல்லாமல் இருந்திருந்தால் எஸ்தர் ஸ்டேஷனிலேயே அழுது முடித்திருப்பாள். அது பொய் சொல்கிற ஜாதியாக இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கையில் பேர் தெரிந்திருக்காது. குழியில் தள்ளியதும் அதுதான், தூக்கிவிட்டதும் அதுதான். இதை வைத்து கமிட்டி என்ன முடிவு எடுக்குமோ எடுக்கட்டும்.

ஆலை பற்றிக் கேட்பீர்கள். சாமுவேல் அன்று வேலைக்கே வரவில்லை என்று காண்ட்ராக்டர் சொன்னான். கேஸ் நடந்தது. எழுதும்படி அதில் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் அவரைப் பள்ளிகொண்டாவில், எங்கள் கல்லறைத் தோட்டத்தில், பேர் எழுதித்தான் அடக்கம் செய்தார்கள். அது ஒன்று நடந்தது.

கையில் பேர் தெரிந்த அன்று, எஸ்தருக்குப் போலீஸ் சொல்லி அனுப்பட்டும் என்றார் டாக்டர். நானே போகிறேன் என்றேன். ஆம்பூரில் அவள் கம்பெனி கேட்டில் நின்று சூப்பர்வைசரிடம் சொல்லி அனுப்பினேன். ஏப்ரனோடு, கையில் ஒட்டின பசையைத் தேய்த்துக்கொண்டே ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டாராக்கா?" என்றாள்.

எப்படிச் சொன்னேன், பஸ்ஸில் எப்படிக் கூட்டி வந்தேன் என்பதெல்லாம் எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. பிரிவுக்கு வந்த பிறகு நடந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. டாக்டர் எழுந்து நின்று அவளுக்குத் தன் நாற்காலியைப் போட்டார். கையின் படத்தைத் திரையில் காட்டினோம். அவள் சிலுவையைப் பார்த்தாள், தன் பேரைப் பார்த்தாள். விரலை நீட்டித் திரைமேல் வைத்தாள். அழுவாள் என்று தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். அழவில்லை.

"அந்தப் படத்துல ஊதாவா இருந்துச்சே?"

"அது கேமராவோட தப்பும்மா. பேண்ட் கறுப்புதான்" என்றார் டாக்டர்.

அவள் தலையாட்டினாள். தன் பேரிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. என் பக்கம் திரும்பினாள்.

"சர்ச்சுல ஸ்தோத்திரம் சொல்லிட்டேனேக்கா. எல்லாரும் ஆமென்னு சொன்னாங்களே. அத இப்ப எப்படித் திருப்பி வாங்கறது?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆமென் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.